அயலாரும் நாமும்: காப்பி மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில் ஞாயிறு தமிழ் ஆராதனை முடிந்ததும் காப்பி ஊற்றிக் கொடுப்பது என் வேலை. பன்னிரண்டு வருஷமாகச் செய்கிறேன். அன்பாயிருங்கள், இரக்கமாயிருங்கள் என்று போதகர் பிரசங்கித்துவிட்டு இறங்கிவிடுவார். எப்படி என்ற கேள்வி மட்டும் காப்பிக் கோப்பையோடு என்னிடம் வந்து நிற்கும். அதுவும் திரும்பத் திரும்ப அதே கேள்விகள். ஒவ்வொரு வாரமும் வாயால் சொல்லி மாளவில்லை, எழுதிவிட்டேன். நான் வேதபண்டிதை இல்லை, வக்கீலும் இல்லை. இங்கே சிங்கப்பூரில் அடுக்குமாடி புளோக்கில் நாற்பது வருஷம் குடியிருந்தவள், அவ்வளவுதான்.

"விசுவாசம் மனசுல இருந்தா போதாதா அக்கா? வெளியில காட்டித்தான் ஆகணுமா?"

யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிடுங்கள். உடுத்த உடையும் அன்றைக்குச் சாப்பாடும் இல்லாத ஒருவரிடம் "சமாதானமாய்ப் போய் வா, நன்றாய்ப் பசியாறு" என்று வாயால் சொல்லி அனுப்பினால் என்ன பயன் என்று கேட்கிறார். இன்றைக்கு நாம் அதையே "உங்களுக்காக ஜெபிச்சுக்கிறேன்" என்கிறோம். கூப்பிய கைப் படத்தோடு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு அடுத்த நிமிஷம் மறந்துபோன நாள்கள் எனக்கும் உண்டு. ஜெபம் பண்ணுங்கள். பண்ணிய பிறகு அவருக்கு ஒரு போன் போடுங்கள்.

"காட்டணுமா" என்ற சொல்தான் எனக்கு இடிக்கிறது. வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்று ஆண்டவரே மத்தேயு ஆறில் சொல்லியிருக்கிறார். உதவி பெறுகிறவருக்கு அது தெரிந்தால் போதும். அரிசி மூட்டையை வாங்கும் கிழவியை நிற்க வைத்துப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

"அயலான்னா யாரு? எங்க புளோக்ல ஒருத்தரையும் தெரியாதே"

இதே கேள்வியை ஒரு நியாயசாஸ்திரி இயேசுவிடம் கேட்டபோதுதான் நல்ல சமாரியன் கதை வந்தது, லூக்கா பத்தாம் அதிகாரம். கதை முடிந்ததும் இயேசு கேள்வியைத் திருப்பிப்போட்டார்: அடிபட்டவனுக்கு அயலானாக நடந்துகொண்டது யார்? ஆக, அயலாரை எங்கேயும் போய்த் தேட வேண்டியதில்லை, நாம்தான் அயலாராக வேண்டும். 1989 முதல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை இருப்பதால் நம் தாழ்வாரத்திலேயே சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் இருக்கிறார்கள். மின்தூக்கியில் போனைப் பார்க்காமல் "சாப்பிட்டாச்சா" என்று கேட்பதில் தொடங்கலாம்.

அந்தக் கதையில் பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஓர் இடம் உண்டு. சமாரியன் காயத்தைக் கட்டினான், தன் மிருகத்தில் ஏற்றினான், சத்திரத்தில் ஓர் இரவு கூடவே இருந்து பார்த்துக்கொண்டான். மறுநாள் சத்திரக்காரன் கையில் இரண்டு பணத்தைக் கொடுத்துவிட்டுத் தன் வழியே போனான். போகும்போது "திரும்பி வரும்போது மீதியைத் தருகிறேன்" என்றான். எல்லாவற்றையும் தானே செய்யவில்லை. செய்யத் தெரிந்தவரிடம் ஒப்படைத்தான். ஆனால் கைகழுவவும் இல்லை, திரும்பி வருவதாகச் சொல்லிப் போனான். இந்தச் சத்திரக்காரனைக் கீழே அடிக்கடி கூப்பிடுவேன்.

"கிறிஸ்மஸ் கேக் எல்லா வீட்டுக்கும் கொடுக்கலாமா?"

மலாய் வீட்டுக்கு நம் அடுப்பில் செய்ததைக் கொடுத்தால் முகத்துக்கு நேராக மறுக்கமாட்டார்கள், ஆனால் சங்கடப்படுவார்கள். பழக்கேக்கில் ரம் ஊற்றுகிறவர்கள் நம்மில் நிறைய. பழங்கள் கொடுங்கள், அல்லது முயிஸ் (இஸ்லாமிய சமய மன்றம்) ஹலால் முத்திரை இருக்கும் கடைக் கேக் வாங்கிக் கொடுங்கள். சீனர் வீடுகளில் சிலர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள், சிலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். இந்து வீட்டுக்கு வெள்ளிக்கிழமை பிரியாணி கொண்டுபோய் நிற்காதீர்கள். கேட்டுக் கொடுப்பதில் ஒரு குறைவும் இல்லை.

"எதிர்வீட்டுத் தீபாவளிப் பலகாரத்தை வாங்கிச் சாப்பிடலாமா? சாமிக்குப் படைச்சதா இருந்தா?"

நவம்பர் நெருங்கினால் வாராவாரம் இது வரும். கொரிந்து சபையாருக்கும் இதே சந்தேகம்தான். பவுல் முதலாம் நிருபம் எட்டிலும் பத்திலும் விளக்குகிறார்: அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்தால், வைத்ததை விசாரிக்காமல் சாப்பிடு. "இது படைத்தது" என்று ஒருவர் சொன்னால், சொன்னவருடைய மனச்சாட்சியை முன்னிட்டுச் சாப்பிடாதே. ஆகவே முறுக்கு டின்னைத் திறந்து துப்பறிய வேண்டாம். பிரசாதம் என்று சொல்லியே கொடுத்தால் என் எதிர்வீட்டுப் பெண்ணிடம் நான் சொல்வது இது: "பிரசாதம் எடுத்துக்கறதில்லைம்மா, அந்த அதிரசத்தைக் கொடு." சிரித்துக்கொண்டே கொடுப்பாள். சபையில் சிலர் என்னைவிடக் கண்டிப்பானவர்கள், அவர்கள் மனச்சாட்சி அவர்களுக்கு.

டின்னை வெறுமனே திருப்பித் தராதீர்கள். இரண்டு ஆரஞ்சாவது போட்டுக் கொடுங்கள்.

"கீழ்த்தளத்துல இறப்பு. இந்து வீடு, சீன வீடுன்னா போகலாமா?"

போகலாமா என்ன, போங்கள். அழுகிறவர்களுடனே அழுங்கள் என்று ரோமர் பன்னிரண்டில் இருக்கிறது. எந்த வீட்டு அழுகை என்று பிரித்துச் சொல்லவில்லை. சீன வீட்டு இறப்பு மூன்று, ஐந்து, ஏழு நாள் என்று நடக்கும். ஒரு சாயங்காலம் போய் மேசையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கும் கச்சானைக் கொறித்துக்கொண்டு, இறந்தவரைப் பற்றி அவர்கள் பேசுவதைக் கேளுங்கள். பணம் கொடுப்பதானால் வெள்ளை உறையில். ஊதுபத்தி நீட்டினால் "நான் கிறிஸ்தவன், தலைகுனிந்து மரியாதை செய்கிறேன்" என்றால் போதும், இந்த ஊரில் எல்லாரும் புரிந்துகொள்வார்கள். இந்து வீட்டில் வாய்க்கரிசி போடும் நேரம் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள். மண்டாய் தகனச்சாலைக்குப் பேருந்து கிளம்பும்போது ஏறி உட்காருங்கள்.

"துக்கத்துல இருக்கிறவங்ககிட்ட என்ன பேசறது?"

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் அவனோடு வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நன்றாகத்தான் இருந்தது. வாயைத் திறந்தபிறகுதான் கெட்டது. "ஆண்டவர் சித்தம்", "நல்ல இடத்துக்குப் போயிட்டாங்க" இரண்டையும் முதல் மாதம் சொல்லாதீர்கள். நாற்பதாவது நாள், முதல் கிறிஸ்மஸ், முதல் பிறந்தநாள், இவற்றைக் காலண்டரில் குறித்துவைத்துப் போங்கள். அதற்குள் மற்றவர்கள் வருவது நின்றிருக்கும்.

"உதவி மட்டும் செஞ்சுட்டு, இயேசுவைப் பத்திச் சொல்லாம விட்டா அது பாவமில்லையா?"

இதற்கு என் சொந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும். சபைக்கு வந்த புதிதில் எனக்கு வைராக்கியம் அதிகம். மூன்றாம் மாடி அக்கா ஒருவருக்குக் கணவர் தவறிப்போனார். எட்டாம் நாள் சாம்பாரும் சோறும் கொண்டுபோனேன். மூடிக்குமேல், ரப்பர்பேண்ட் போட்டு, நித்திய ஜீவனைப் பற்றிய கைப்பிரதி ஒன்று. அவர் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னார். இரண்டு நாள் கழித்துப் பாத்திரம் திரும்பி வந்தது. பாத்திரத்தை வெறுமனே தரக்கூடாது என்பதால் உள்ளே இரண்டு வாழைப்பழம். அதற்கடியில், மடிப்புக்கூடக் கலையாமல், அந்தக் கைப்பிரதி. அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சோற்றுக்கு நான் போட்ட விலைச்சீட்டு அது என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எப்போதும் ஆயத்தமாயிருங்கள், அதுவும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் சொல்லுங்கள் என்கிறார் பேதுரு, முதலாம் நிருபம் மூன்றாம் அதிகாரத்தில். கேட்கிறவர்களுக்கு. கேட்கும் அளவுக்கு நம்மோடு பழக்கம் இருக்க வேண்டுமே! மூன்றாம் மாடி அக்கா என்னைக் கேட்டார், நான்கு வருஷம் கழித்து, காய்கறிச் சந்தையிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வரும் வழியில். அன்றைக்குச் சொன்னேன். அவர் கிறிஸ்தவராகவில்லை. இன்னும் சந்தைக்குச் சேர்ந்துதான் போகிறோம்.

"இங்க மதத்தைப் பத்திப் பேசினாலே சட்டம் பிடிக்கும்னு சொல்றாங்களே?"

அப்படி இல்லை. சிங்கப்பூர் அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதோடு 1990-இல் நிறைவேறிய சமய நல்லிணக்கச் சட்டமும் இருக்கிறது, 2019-இல் அது திருத்தப்பட்டது. முக்கியமாகச் சமயங்களுக்கிடையே பகைமூட்டுவதைத்தான் அது தடுக்கிறது. உங்கள் விசுவாசத்தைச் சொல்லலாம். பக்கத்து வீட்டுச் சாமியைப் பழித்துத்தான் அதைச் சொல்ல முடியும் என்றால் சொல்லாமல் இருப்பது மேல்.

மருத்துவமனையில் மட்டும் ஒன்று. சபையார் ஒருவரைப் பார்க்கப் போய்விட்டு, பக்கத்துப் படுக்கைக்காரர் தலையில் கேட்காமல் கைவைத்து ஜெபிக்காதீர்கள். எழுந்து ஓட முடியாதவரிடம் அப்படிச் செய்வது முறையில்லை.

"தேக்கா பக்கம் ஊர்ப் பையனுங்களைப் பார்க்கிறேன். பாவமா இருக்கு. காசு கொடுக்கலாமா?"

லிட்டில் இந்தியாவின் தேக்காவில் கூடும் வெளிநாட்டு ஊழியர் என்றதும் நமக்கு அன்னதானம்தான் நினைவுக்கு வருகிறது. அந்தத் தம்பிகளிடம் கேட்டால் வேறு சொல்வார்கள். ஏஜெண்டுக்குக் கட்டிய கடன், சம்பளப் பாக்கி, கைவலி, ஆங்கிலத்தில் வந்த கடிதம், பேச ஆளில்லாமை. பேசுவதற்கு நம் தமிழே போதும், அது வேறு யாரிடமும் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. லேவியராகமம் பத்தொன்பதில், உங்களோடு தங்கும் அந்நியனைச் சுதேசியைப்போல் எண்ணி உன்னைப்போல் அவனில் அன்புகூரு, நீங்களும் எகிப்தில் அந்நியராயிருந்தீர்களே என்று இருக்கிறது. நம் தாத்தாக்களும் கப்பலில் வந்தவர்கள்தான்.

சம்பளம் வரவில்லை என்றால் அங்கேதான் சத்திரக்காரன். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது வேலை நியமனச் சட்டம், 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டும் கட்டாயம். சம்பளச் சீட்டு, வேலைக்கு வருமுன் கிடைத்த ஐபிஏ என்ற முன்அனுமதிக் கடிதம், வேலைசெய்த மணிக்கணக்கு, எல்லாவற்றையும் போனில் படமெடுத்து வைக்கச் சொல்லுங்கள், மனிதவள அமைச்சுக்குப் போக உதவுங்கள். டிடபிள்யுசி2 என்ற அமைப்பு 2008-இல் கஃப் ரோட்டில் இலவசச் சாப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. வேலையில் அடிபட்டும் சம்பள வழக்கிலும் மாட்டிக்கொண்டவர்களுக்கானது அது. ஹெல்த்சர்வ் 2006-இல் கிறிஸ்தவர்கள் தொடங்கிய அமைப்பு, ஊழியர்களுக்குக் குறைந்த செலவில் வைத்தியம் பார்க்கிறது. கைபிடித்து அங்கே கூட்டிப்போங்கள். அடுத்த ஞாயிறு என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. "பாவம், லீவுநாளில் நாலு காசு பார்க்கட்டும்" என்று உங்கள் வீட்டுக்குச் சாயம் அடிக்கக் கூப்பிடாதீர்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் முதலாளியைத் தவிர வேறு யாருக்கும் அவர் வேலை செய்யக்கூடாது. மாட்டினால் ஊருக்கு அனுப்பப்படுவது அவர்.

"எங்க வீட்டுப் பணிப்பெண்ணை ஞாயிற்றுக்கிழமை சபைக்குக் கூட்டிட்டு வர்றேன். அது நல்லதுதானே?"

அவள் விரும்பி வருகிறாளா, அல்லது குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிறாளா? ஆராதனை நேரம் முழுக்க வெளியில் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்கும் பெண்களை நான் காப்பி மேசையிலிருந்து பார்க்கிறேன். அது அவளுக்கு ஓய்வுநாள் இல்லை. 2013 முதல் வார ஓய்வுநாள் சட்டம் இருக்கிறது. 2023 ஜனவரி முதல், மாதத்தில் ஒரு நாளையாவது காசு கொடுத்துக்கூட ஈடுகட்ட முடியாது, கட்டாயம் விட்டே ஆக வேண்டும். சட்டம் கேட்பது அவ்வளவு. எஜமான்களே, உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறார் என்று கொலோசெயர் நான்காம் அதிகாரம் சொல்வது இதற்கும் மேலே.

அவள் முஸ்லிமோ இந்துவோ ஆனால், அவள் தொழுகைக்கும் விரதத்துக்கும் இடம் கொடுங்கள். பன்றி இறைச்சியைத் தொடச்சொல்லாதீர்கள். சம்பளம் கொடுக்கிறவர் "வாம்மா சபைக்கு" என்று கூப்பிட்டால், அவளால் முடியாது என்று சொல்ல முடியுமா? முன்பு ஒரு பதிலில் மருத்துவமனையைச் சொன்னேனே, அதேதான் இங்கேயும். நம் சபையில் ஓர் அக்கா தன் பணிப்பெண்ணை விடுமுறைநாளில் அவளுடைய மொழி ஆராதனைக்குத் தனியாகப் போகவிடுகிறார், பேருந்துக் காசும் கொடுத்து. வீட்டில் அன்றைக்கு அவரே பாத்திரம் தேய்க்கிறார். எனக்கு அவர்தான் இந்தக் கேள்விக்குப் பதில்.

"சபையில ஒரு பிரதர் கடன் கேட்கிறார். கேட்கிறவனுக்குக் கொடுன்னு வசனம் இருக்கே"

இருக்கிறது, மத்தேயு ஐந்தில். அவர் கேட்கும் தொகையை அப்படியே கொடு என்று இல்லை. நான் வைத்திருக்கும் கணக்கு: திரும்பி வராவிட்டாலும் தூக்கம் கெடாத தொகை எதுவோ அதைக் கொடுப்பேன், கடனாக இல்லாமல் அன்பளிப்பாகவே. பிணைக் கையெழுத்துப் போடமாட்டேன், நீதிமொழிகளே அதை வேண்டாம் என்கிறது. வாடகை, மின்சாரக் கட்டணம் என்றால் சமூக சேவை அலுவலகம் இருக்கிறது, காம்கேர் என்ற அரசு உதவித் திட்டத்தின் எண் 1800-222-0000. சூதாட்டக் கடன், வட்டி முதலைக் கடன் என்றால் பணம் கொடுத்தால் தீராது. கூடவே ஒரு நாள் லீவு போட்டுக் குடும்பச் சேவை நிலையத்துக்குப் போவது கொடுத்த பணத்தைவிடப் பெரிய உதவி.

ஏமாந்தால்? நானும் ஏமாந்திருக்கிறேன், 800 வெள்ளி. ஆறு மாசம் யாரையும் நம்பவில்லை. பிறகு, அடுத்து வந்தவர் அதற்கு என்ன செய்வார் என்று தோன்றியது.

"மிஞ்சின சாப்பாட்டைக் கொடுக்கலாமா? வயித்தைக் கெடுத்தா நம்மமேல வழக்கு வருமா?"

இதற்கு இப்போது சட்டமே வந்துவிட்டது, பெயரைக் கேட்டால் சிரிப்பீர்கள்: நல்ல சமாரியன் உணவு நன்கொடைச் சட்டம். 2024 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கொடுக்கும்போது உணவு கெடாமல் இருக்க வேண்டும், எப்படி வைக்க வேண்டும் எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டும், சுத்தமாகக் கையாள வேண்டும். இவை சரியாக இருந்தால் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு. சாயங்காலக் கூட்டத்தில் மிஞ்சிய தேங்காய்ச் சட்டினியை மறுநாள் காலை கொடுக்க நினைக்கிறவர்கள் தயவுசெய்து குப்பையில் போடுங்கள்.

"ஒருத்தர் வாழவே பிடிக்கலைன்னு சொல்றார். ஜெபம் பண்ணினா போதுமா?"

போதாது. தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். அப்படிக் கேட்பதால் புதிதாக அந்த எண்ணம் வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். உடனடி ஆபத்து என்றால் 995. மற்றபடி 1767, இது சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பின் இருபத்துநாலு மணிநேர எண், 1969 முதல் இயங்கும் அமைப்பு. பெயர் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. "விசுவாசிக்கு மனச்சோர்வு வரலாமா" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். எலியாவே சூரைச்செடியின்கீழ் படுத்துச் சாவைக் கேட்டார். தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை, அடையும் தண்ணீரும் வைத்தான், தூங்கவிட்டான்.

"வீட்டுக்காரர் கை ஓங்கறார். மன்னிச்சுப் பொறுத்துப் போம்மான்னு சபையில சொல்றாங்க. இரக்கம்னா அதுதானா?"

இல்லை. குரலைத் தாழ்த்திக் கேட்கப்படும் ஒரே கேள்வி இது, அதனால்தான் உரக்க எழுதுகிறேன். மன்னிப்பது வேறு, அடிவாங்க அங்கேயே இருப்பது வேறு. சமாரியன் கதையில் அடிபட்டவனை யாரும் கள்ளரிடம் திருப்பி அனுப்பவில்லை, சமாரியன் சத்திரத்துக்குத்தான் கொண்டுபோனான். 1800-777-0000 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் அது. உடனடி ஆபத்து என்றால் 999. குடும்ப நீதிமன்றத்தில் தனிநபர் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். உங்களிடம் ஒரு பெண் இதைச் சொன்னால் கணவரைக் கூப்பிட்டுச் சமரசம் பேசாதீர்கள். அவள் உங்களிடம் சொன்னது அவருக்குத் தெரிந்தால் அன்றிரவு என்ன நடக்கும் என்று யோசியுங்கள்.

"எனக்கு ஷிஃப்ட் வேலை. இதுக்கெல்லாம் நேரம் எங்க?"

ஒரே ஒருவர். மாதம் ஒருமுறை. மறக்காமல்.

"எல்லாருக்கும் நானே செய்றேன். எனக்கு யாராவது செய்ய வந்தா உடம்பு கூசுது"

போன வருஷம் எனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. ஆறு வாரம் நடக்கக்கூடாது. சபையார் சமையல் பட்டியல் போட வந்தபோது வேண்டாம் என்றேன், நான் பார்த்துக்கொள்வேன் என்றேன். காப்பி ஊற்றுகிற கை பாருங்கள், வாங்கிப் பழக்கமில்லை. பேதுருவும் "என் கால்களை நீர் கழுவவேகூடாது" என்று அடம்பிடித்தார். கழுவாவிட்டால் உனக்கு என்னிடத்தில் பங்கில்லை என்றுதான் பதில் வந்தது.

மூன்றாம் நாள் கதவு தட்டப்பட்டது. மூன்றாம் மாடி அக்கா, கையில் தூக்குச்சட்டி. "ரசம், உருளைக்கிழங்கு. வெள்ளிக்கிழமை, அதான் சைவம்" என்றார். பாத்திரத்தை வாங்கிக்கொண்டேன். கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது என்ன போட்டுக் கொடுப்பது என்று வீட்டில் தேடினேன், ஒன்றும் இல்லை. "அதெல்லாம் வேண்டாம், சும்மா கொடு, நாளைக்கும் கொண்டுவரணும்" என்றார்.